எதிரணியின் காது

இல்லை, பயந்து திரும்பி வரவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். இரண்டும் வேறு.

முறையாகத் தொடங்குகிறேன். மேலகரத்துத் தம் அரிசி ஆலையின் சிமெண்டுக் களத்தில் நெல்லை ஓரமாய் ஒதுக்கி எங்கள் பந்துக்கு இடம் கொடுத்த பெருந்தகை, இக்கூட்டத்தின் தலைவர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி அவர்களே. கரிப்புகையில் ஓடும் பஸ்ஸை இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளிக் கடையநல்லூரிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே. பெண் பிள்ளை ஓடுவதா என்று கேட்டுக்கொண்டே, ஓடும் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பும் தாய்மார்களே. என்னோடு ஆடும் தோழியரே. வணக்கம்.

நான் உச்சிமாகாளி. இந்த வட்டாரத்திலிருந்து வெளியூர்க் கல்லூரிகளுக்குப் படிக்கப் போன பெண்களின் கூடைப்பந்து அணிக்கு மூன்று வருஷமாகத் தலைவி. பி.ஏ. பரீட்சை எழுதியாகிவிட்டது. ஆகவே எனக்கு இது கடைசிப் பந்தயம்.

தலைவர் சற்று முன் சொன்னதை எல்லோரும் கேட்டீர்கள். குற்றாலம் சீசன் பந்தயத்தில் வரும் சனிக்கிழமை திருவனந்தபுரத்துக் கல்லூரி அணியோடு ஆடுகிறோம். இதே ஆலைக் களத்தில். தோற்றால் ஞாயிற்றுக்கிழமை கூடைக் கம்பங்களைப் பிடுங்கிவிடுவார்கள். அதோடு இந்த அணி முடிந்தது. அண்ணாச்சியைக் குறை சொல்ல மாட்டேன். போன வருஷம் முப்பத்தொன்றுக்கு ஒன்பது. அதற்கு முந்தைய வருஷத்துக் கணக்கை இந்த மேடையில் நான் சொல்லப்போவதில்லை. நெல்லும் எத்தனை நாள்தான் ஓரத்தில் கிடக்கும்?

அதனால்தான் போனேன். என் அண்ணன் முத்துராமலிங்கம் துணைக்கு வந்தான். செங்கோட்டை தாண்டி, மலைக் குகைகளுக்குள் புகுந்து புகுந்து ரயில் போயிற்று. மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். திருவனந்தபுரத்தில் அவர்கள் வேறொரு கல்லூரியோடு ஆடிய ஆட்டத்தை, முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை, எழுதிக்கொண்டே பார்த்தேன்.

என்ன கேட்கிறீர்கள்? அந்த நெட்டச்சியை என்ன செய்யப்போகிறோம் என்றா? நல்ல கேள்வி. மூன்று வருஷமாக நாங்களும் அதைத்தான் கேட்டோம்.

அவர்களுடைய அந்த நெட்டைப் பெண் கையை நீட்டினால் கூடை அவளுக்கு அலமாரித் தட்டு. அவளை மறித்தால் வென்றுவிடலாம் என்று நினைத்தோம். மறித்தோம். மறித்து மறித்துத் தரையில் விழுந்தோம். இம்முறை நான் எண்ணினேன். அவள் எறிந்தது பதினைந்து. பதினைந்தும் இடப்பக்கத்திலிருந்து. ஒரே இடம். வலப்பக்கம் திரும்ப அவளுக்கு வண்டி மாடு திரும்புகிற நேரம் ஆகிறது. எளிய பெண். மறிக்கக்கூடிய பெண்.

அப்படியானால் நம்மைத் தோற்கடித்தது யார்?

அவர்களில் ஒரு குட்டைப் பெண் உண்டு. ஏலியாம்மா என்று பெயர். போன வருஷம் அவள் ஆடினாள் என்பதே எனக்கு நினைவில்லை. ஆட்டம் முழுவதும் அவள் கூடைக்கு எறிந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் விழவில்லை. ஆனால் அவள் கை படாமல் ஒரு பந்தும் கூடைக்குப் போகவில்லை. எதிராளியின் பந்து எங்கே போகப்போகிறதோ அங்கே அவள் முன்கூட்டியே நின்றாள். பார்த்து நின்றாளா? இல்லை. அவள் கண் தரையில் இருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நோட்டில் எழுதினேன்: இவள் எதையோ கேட்கிறாள்.

ஆட்டம் முடிந்து காப்பி கொடுத்தார்கள். மரியாதையான பெண்கள். ஏலியாம்மாவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போன வருஷம் எங்களை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். ஒளிக்கவில்லை அவள். இந்நேரம் நாங்கள் திருந்தியிருப்போம் என்று நினைத்திருப்பாள்.

“எனக்குத் தமிழ் கொஞ்சமே தெரியும்,” என்றாள். “அக்கா என்று ஒரு வார்த்தை. அதுவே போதுமாயிருந்தது.”

சிரிக்கிறீர்கள். நானும் அங்கே சிரித்தேன். புனலூர் வரும் வரை சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

பெரியோர்களே, நம் பிள்ளைகளை நாம் எப்படி வளர்த்திருக்கிறோம்? மூத்தவளை முந்தாதே. மூத்தவள் பேரைச் சொல்லாதே. மூத்தவள் கை நீட்டினால் இல்லையென்று சொல்லாதே. களத்தில் மூத்தவள் நான். பந்து கிடைத்த பிள்ளை முதலில் என்ன செய்கிறாள்? கூடையைப் பார்க்கவில்லை. “அக்கா” என்கிறாள். பந்து பின்னால் வருகிறது. பந்துக்கு முன்னால் சொல் வருகிறது. சொல்லுக்கு முன்னால் ஏலியாம்மா வருகிறாள். என்னைச் சுற்றி அவர்களில் இரண்டு பேர் நிற்க, கூடைக்கடியில் நம் அணியின் தங்கத்தாய் தனியாக நிற்கிறாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. மூன்று வருஷம் தனியாக நின்றிருக்கிறாள். ஒரு நாள்கூட, “எனக்குத் தா” என்று கேட்கவில்லை. நான் அங்கே நிற்கும்போது அவள் எப்படிக் கேட்பாள்?

திங்கட்கிழமை காலையில் களத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். இனிமேல் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் பேரையும். தங்கத்தாய் எழுந்து நின்றாள்.

“பேரச் சொல்லிக் கூப்புட்டா எங்கம்ம நாக்க இழுத்துவச்சு அறுத்துப்போடுவா, அக்கா.”

சரி, எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். என் முதுகில் ஏழாம் நம்பர். கால் மணி நேரம் ஆடினோம். என்ன கேட்டது தெரியுமா?

“ஏழு அக்கா, இங்கன.”

செவ்வாய், புதன், வியாழன். வாயை மூடிக்கொண்டு ஆடச் சொன்னேன். வாய் மூடியது. கண் என்னையே தேடியது. சாரல் விழுந்து பந்து கனத்தது. கோபத்தில் நான் கத்தினேன். கத்தக் கத்த அவர்களுக்கு நான் இன்னும் மூத்தவள் ஆனேன்.

அந்த நான்கு நாளிலும் நல்ல பந்து ஒன்றே ஒன்று. அது ஜாஹிரா பீவி கொடுத்தது. உங்களில் பலருக்கு அவளைத் தெரியாது. கடையநல்லூர் முகம்மது கனி அண்ணாச்சியின் மகள். தங்கத்தாயோடு ஒரே வகுப்பு. பயிற்சிக்கு வருவாள், பந்தயத்துக்கு அவளை வீட்டில் அனுப்புவதில்லை. புதன்கிழமை, பந்துக்கு நான் கை நீட்டி நிற்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் இருந்த தங்கத்தாயைப் பார்த்தாள். நான் குறுக்கே நின்றேன்.

“ஏட்டி, தள்ளு” என்றாள்.

தள்ளினேன். பந்து தங்கத்தாய்க்குப் போயிற்று. கூடையில் விழுந்தது. அதன் பிறகுதான் ஜாஹிராவுக்கு, மூத்தவளையே ஏட்டி என்றுவிட்டோம் என்று தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அழப் பார்த்தாள். நான் அவளைத் திட்டவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. தெரிந்துகொள்ள விருப்பமில்லாதது.

தலைவர் அவர்களே, எதிரணியைப் பற்றிச் சொல்லத்தான் என்னை மேடைக்கு அழைத்தீர்கள். சொல்கிறேன். அவர்களின் பலம் நெட்டைப் பெண்ணின் கை அல்ல. ஏலியாம்மாவின் காது. அந்தக் காது கேட்டுக் காத்திருக்கும் சொல் என்னைச் சுட்டும் சொல். கண்டித்தாலும் போகாத சொல். வேறு சொல் கற்பித்தாலும் மறக்காத சொல். சொல் போகாது. ஆள் போகலாம். மற்றப் பெண்கள் எல்லாரும் ஒரே வயது. ஒருத்தியை ஒருத்தி ஏட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்த ஏட்டி, எந்தப் பக்கம்? ஏலியாம்மா கேட்டுக்கொண்டே நிற்கட்டும்.

சனிக்கிழமை நான் ஆடவில்லை.

இல்லை அண்ணாச்சி, கோபத்தில் சொல்லவில்லை. வருத்தம் இல்லாமலும் சொல்லவில்லை. அந்தப் பெண்களை ஒரு தடவை வெல்ல வேண்டும் என்று மூன்று வருஷமாக ஆசைப்பட்டேன். கூடையில் பந்து விழுவதைக் கனவில் கண்டிருக்கிறேன். கனவில் எறிகிற கை எப்போதும் என் கை. அது இனி இல்லை.

என் இடத்தில் ஆட ஒருத்தி வேண்டும். ஒருத்திதான் இருக்கிறாள். முகம்மது கனி அண்ணாச்சி அவர்களே, நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து கேட்டிருக்க வேண்டும். நேரமில்லை. நாலு பேர் முன்னால் கேட்கிறேன். நீங்கள் மறுத்தால் அது தவறில்லை; யாரும் தவறாகப் பேசக் கூடாது. உங்கள் மகளை எங்களோடு ஆடவிடுங்கள்.

எழுந்திருக்கிறார். அமைதி, தயவுசெய்து.

“களத்தச் சுத்தித் தட்டி எத்தன அடி கட்டுதிய?” என்று கேட்கிறார்.

எட்டடி உயரம், அண்ணாச்சி. உள்ளே பெண்கள் மட்டும்.

“ஆல மச்சுல நிக்கிறவனுக்கு எட்டடி தாண்டி உள்ள தெரியும்லா. பத்தாக்குங்க. அனுப்புதேன்.”

நன்றி, அண்ணாச்சி. கேட்டிருந்தவர்களுக்கு நன்றி. கேட்காமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் நன்றி. தாய்மார்களே, சனிக்கிழமை மூன்று மணிக்கு உள்ளே வந்து உட்காருங்கள். அப்பன்மார்களே, வெளியே நில்லுங்கள். சத்தம் உங்களுக்கும் கேட்கும். எல்லோருக்கும் என் வணக்கம்.

(பேசி முடித்ததும் உச்சிமாகாளி மேடையின் பின்புறமாக இறங்கினாள். ஆலைக்கு நடந்துபோய், தென்னந்தட்டி கட்டுகிறவர்களிடம் இன்னும் இரண்டடி உயர்த்தச் சொல்லி, கட்டி முடிக்கும்வரை கயிற்றுச் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.)