மைக்குக்குப் பொய் ஆகாது

மைக்கை வாய்க்கு நான்கு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். நம் சபையில் பாதிப் பேருக்கு இது தெரியாது. டார்ச் லைட் மாதிரி நெஞ்சருகே பிடித்துக்கொண்டு, சத்தம் வரவில்லையே என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பாஸ்டர் ஐயா, நடந்ததை எழுதித் தரும்படி கமிட்டி கேட்டிருக்கிறது. எழுதுவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. பெயர் ஹெலன், வயது நாற்பத்து மூன்று, ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் லைன் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தின் சவுண்ட் மிக்ஸர் என் பொறுப்பு. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஃபைலுக்காக எழுதுகிறேன்.

ஸ்பீக்கரில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், மறுபடி ஸ்பீக்கரில் வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகினால் மைக் விசில் அடிக்கும். தடுப்பது பெரிய வித்தை இல்லை. ஸ்பீக்கர் பாக்ஸுக்கு எதிரே மைக்கை நீட்டக் கூடாது, பேசாத மைக்கை மூடி வைக்க வேண்டும், அந்த அறை எந்தச் சுருதியில் கூவும் என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் குறைக்க வேண்டும். நம் ஆலயத்துக்குத் தகரக் கூரை. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்தேன். ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற ஈக்வலைசரில் வலப்பக்கமிருந்து பத்தாவது தடி. அதை ஒரு விரற்கடை இறக்கினேன். அதற்குப் பிறகு ஏழு வருஷம் மைக் கத்தவில்லை. வாணியம்பாடியிலிருந்து ஒரு சபைக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு பிரியாணி போட்டோம். கடைசிப் பந்தியில் உட்கார்ந்த பாடகர் குழுப் பெண்களுக்கு வெறும் குஸ்காதான் வந்தது. அந்தப் பந்தியில் நானும் என் தங்கை அக்சாவும் இருந்தோம். அடுத்த ஞாயிறு செக்ரட்டரி எபனேசர் அண்ணன் மைக்கைப் பிடித்து, "பந்தியில எல்லாருக்கும் கறி கிடைச்சுது, யாருக்கும் ஒரு கொறையும் இல்ல" என்றார். என் விரல் பத்தாவது தடியை மேலே தள்ளியது. விரல் என்றுதான் எழுதுகிறேன், அப்போது நான் எதுவும் யோசிக்கவில்லை.

மைக் கூவியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. முன்வரிசையில் இருந்த அமிர்தவள்ளி அம்மா, "இன்னா எபனேசரு, மைக்குக்கே பொறுக்கல பாரு" என்றார். ஆலயமே சிரித்தது. அண்ணன் வியர்த்துப்போய், "சரி, கடைசிப் பந்திக்கு மட்டும் கறி கம்மி ஆய்டுச்சு" என்றார். நான் தடியை இறக்கிவிட்டேன். சத்தம் நின்றது.

அன்றிலிருந்து நம் ஆலயத்து மைக்குக்குப் பொய் ஆகாது என்று ஆகிவிட்டது. நாம் சகுனம் பார்க்கிறவர்கள் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, மைக்கைப் பிடிக்கும்போது என்ன பேசுகிறோம் என்று யோசித்துப் பேசினார்கள். அரைமணி நேர அறிவிப்புகள் ஐந்து நிமிஷத்தில் முடிந்தன. ஆராதனை நேரத்தோடு விட்டது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. மிக்ஸர் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவளை ஒரு மேசை மாதிரித்தான் பார்க்கிறார்கள்.

எட்டு, ஒன்பது தடவை செய்திருப்பேன். குடியை விட்டுவிட்டதாகச் சாட்சி சொன்ன சாமுவேல் விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். மைக் கூவியதும் அவர் சம்சாரம் அப்படியே எழுந்து தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் உண்மையிலேயே விட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அந்த வருத்தத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டார். அதனால் மைக் சொன்னது கடைசியில் சரியாகத்தான் வந்தது.

இனி அக்சா கல்யாணம். அம்மா போகும்போது அவளுக்கு ஒன்பது வயது. தலை வாரியது, பாட்டுக்குச் சேர்த்தது, நர்சிங் படிக்க வைத்தது எல்லாம் நான். மாப்பிள்ளை இன்பராஜ், அணைக்கட்டில் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல பையன். நானே விசாரித்தேன், ஒரு குறை அகப்படவில்லை. வேலூரில் புடவை எடுத்ததும் நான்தான். அணைக்கட்டு ஒன்றும் அமெரிக்கா இல்லை, பஸ் இருக்கிறது.

"கல்யாணத்தன்னைக்காவது முன்னாடி வந்து உக்காருக்கா" என்றாள் அக்சா.

"வேற ஆளு கை வச்சா மைக் கத்தும்மா" என்றேன்.

ஆராதனையை நீங்கள்தான் நடத்தினீர்கள். சாகும்வரை பிரிய மாட்டேன் என்ற இடத்துக்கு மாப்பிள்ளை வந்ததும் மைக் கூவியது. மறுபடி சொல்லச் சொன்னீர்கள். இரண்டாம் தடவை இன்னும் நீளமாகக் கூவியது. ஆலயத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. "ஐயோ, புள்ள வாழ்க்கைடா" என்று அமிர்தவள்ளி அம்மா சொன்னது கடைசி பெஞ்சுவரை கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா அழுதார். மாப்பிள்ளை, "அது வெறும் ஃபீட்பேக்குங்க" என்று சொல்லிப் பார்த்தார். அந்த நேரம் மைக்கை நான் மூடியிருந்ததால் அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

அக்சா முக்காட்டை எடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மைக் பொய் சொல்லாதுல்லக்கா?" என்றாள்.

"வீட்டுக்குப் போலாம்மா" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். முடிவு எடுத்தது அவள்.

இன்பராஜ் பௌதிகம் எடுக்கிறவர் என்பதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். கல்யாண வீடியோவை வைத்து, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீடியோக்களையும் வைத்து, எல்லாக் கூவலும் ஒரே சுருதி என்று கண்டுபிடித்திருக்கிறார். உங்களிடம் சாவி வாங்கி உள்ளே வந்து ஒவ்வொரு தடியாக ஏற்றிப் பார்த்திருக்கிறார். பத்தாவதில் அகப்பட்டது. நல்ல உழைப்பு. எங்கள் லைனில் இப்படி ஒரு ஆள் இருந்தால் ஒரு ஜோடிகூட ரிஜெக்ட் ஆகாது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். எபனேசர் அண்ணனிலிருந்து இன்பராஜ்வரை மைக்கைக் கூவ வைத்தது நான்தான். மைக்கிலோ மின்சாரத்திலோ வானத்திலோ ஒரு கோளாறும் இல்லை. மிக்ஸர் பெட்டியின் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர் பத்தாவது தடியைத் தொடாமல் இருந்தால் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அக்சாவிடம் சொல்ல வேண்டாம். நான்கு மாதமாக அவள் பாடுவதில்லை, பேச்சும் கம்மி, ஆனால் வேலைக்குப் போகிறாள், நேரத்துக்கு வீடு வருகிறாள், நான் வைத்த குழம்பைச் சாப்பிடுகிறாள். நிம்மதியாக இருக்கிறாள்.

போன சனிக்கிழமை இன்பராஜ் வீட்டுக்கு வந்திருந்தார். வாசலிலேயே நின்று, அக்சா இன்னும் சரி என்றால் தனக்குச் சம்மதம், மைக்கே இல்லாமல் செய்துகொள்ளலாம், அவளை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இஷ்டமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.