மேல் கீபோர்டுல ஒரு விக்கல்

இல்லண்ணே, அதுக்குள்ள மூடிடாதீங்க. கழட்டினது கழட்டினதாவே இருக்கட்டும், இன்னொரு தடவை பாருங்க. கீபோர்டு கட்டைக்கு அடியில இருக்கற ரப்பர் சுத்தமா இருக்குங்கறீங்க, சரி. தூசி இல்லங்கறீங்க, அதுவும் சரி. ஆனா கோளாறு இருக்குண்ணே. இருந்தே ஆகணும். எத்தனை வருஷமா இந்தக் கடை வச்சிருக்கீங்க? பதினெட்டா? அப்போ உங்களுக்குத் தெரியாததா. கண்ணுக்குத் தெரியாம ஒரு விரிசல், கொஞ்சம் ஈரம், ஏதாவது ஒண்ணு இருக்கும்ல?

வேண்டாம், நான் நிக்கறேன். உக்காந்தா தான் இன்னும் படபடன்னு வருது.

எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டீங்கல்ல, சொல்றேன். எங்க வீட்டுல படுக்கற ரூம் மூலையில தான் எல்லாம். ஆசாரி ஒருத்தர் மரத்துல ரெண்டு தட்டு அடிச்சுக் கொடுத்தார். கீழ்த்தட்டுல ஒரு மிடி கீபோர்டு, மேல்தட்டுல இது. காலுக்கு ஒரு பெடல் போர்டு, யாரோ வச்சிருந்து வித்தது, நடுவுல ரெண்டு கட்டை மட்டும் கலர் வேற. மூணும் லேப்டாப்புக்குப் போகுது. கீபோர்டுக்குன்னு சொந்தமா குரல் கிடையாது, எந்தக் கட்டையை எப்ப அமுக்கினோம், எப்ப விட்டோம்னு லேப்டாப்புக்குத் தகவல் சொல்றதோட அது வேலை முடிஞ்சுது. பாட்டை எல்லாம் ஆர்கன் சாஃப்ட்வேர் பாத்துக்கும். எங்கயோ ஒரு பெரிய சர்ச்சுக் கட்டடத்துல இருக்கற நிஜ ஆர்கனை ஒவ்வொரு குழாயா ரெக்கார்ட் பண்ணி உள்ள வச்சிருக்கான்... அட, உங்ககிட்டயே போய் இதைச் சொல்லிட்டு இருக்கேன் பாருங்க. பயத்துல வாய் தானா ஓடுது.

என்ன பயமா? ஒண்ணுமில்ல. கீபோர்டு போயிடுச்சேன்னு தான்.

எல்லாம் நானே தான் அண்ணே செட் பண்ணினேன். முதல் நாள் ரெண்டு கீபோர்டையும் ஒரே சேனல்ல விட்டுட்டேன். மேல கை வச்சா கீழ்க் கீபோர்டோட குரலும் சேர்ந்து கத்துது. எங்க வீட்டுக்காரர் அடுப்படியில இருந்து கரண்டியோட ஓடி வந்து, என்னடி, கப்பல் கிளம்பப் போகுதான்னு கேட்டார். அப்புறம் உக்காந்து கீழதுக்கு ஒண்ணாம் சேனல், மேலதுக்கு ரெண்டு, பெடலுக்கு மூணுன்னு பிரிச்சேன். சாஃப்ட்வேர் கேக்கும்ல, கடைசி இடது கட்டையை அமுக்கு, கடைசி வலது கட்டையை அமுக்குன்னு, அதெல்லாம் அமுக்கிக் காமிச்சேன். அமுக்கினதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல இடைவெளி இருந்துது, அதையும் குறைச்சேன். நாலு ஞாயித்துக்கிழமை போச்சு. ஆனா சும்மா சொல்லக் கூடாது, அன்னைக்கு முதல் தடவை சரியா நின்னுச்சு பாருங்க அந்தச் சத்தம், எனக்கு அழுகையே வந்துடுச்சு. நான் வேலை பாக்கற இடத்துல நாள் முழுக்க மிஷினெல்லாம் டிக்கு டிக்குனு அடிச்சுட்டே இருக்கும். அறுபடாம நிக்கற ஒரு சத்தத்தைக் கேக்கணும்னு அவ்வளவு ஏங்கியிருக்கேன்.

இந்தக் கோளாறு வந்து அஞ்சு மாசம் ஆகுது. ஆர்கன் பியானோ மாதிரி கிடையாதே. பியானோன்னா ஒரு தட்டு, அத்தோட சத்தம் தானா அடங்கிடும், விரல் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் யாருக்குத் தெரியும். இது அப்படி விடாது. விரலை எடுக்கற வரைக்கும் நிக்கும், எடுத்த அந்த நொடி கட்டடத்தோட எதிரொலி தனியா வரும். நான் ஒரு கட்டையை அமுக்கிப் பிடிச்சுட்டு இருக்கேன், விடவே இல்ல, நடுவுல ஒரு விக்கல். விட்டுப் பிடிச்ச மாதிரி. மேல் கீபோர்டுல மட்டும்.

கேபிள் மாத்திட்டேன். மூணு கேபிள். லேப்டாப்புல வேற ஓட்டையில சொருகிட்டேன். சாஃப்ட்வேரையே மொத்தமா எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன்.

கீபோர்டை மேல கீழ மாத்தி வச்சுப் பாத்தியான்னா கேக்கறீங்க?

இல்ல. அது பாக்கல. தட்டு ரெண்டும் அளவு வேற. விடுங்க அதை.

அப்புறம் ஒரு வேலை பண்ணினேன், நீங்க சிரிப்பீங்க. ஒரே கட்டை ரொம்பக் கிட்டக் கிட்ட விட்டு விட்டு அடிச்சா, அந்த இடைவெளியைக் கண்டுக்காதேன்னு சாஃப்ட்வேருக்குச் சொல்லி வைக்கலாம்ல? பழைய கீபோர்டுக்குன்னு வச்ச வசதி. அதுல முதல்ல முப்பது மில்லி செகண்டுன்னு போட்டேன். விக்கல் நின்னுடுச்சு. அப்பாடான்னு இருந்துது, அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். பத்து நாள் கழிச்சு மறுபடி வந்துது. அம்பதுன்னு போட்டேன். அப்புறம் எண்பது. இப்ப நூத்தி இருபதுல நிக்குது. இனிமே ஏத்தினா வேகமான பாட்டு எதையுமே வாசிக்க முடியாது, பாதி சுரத்தை முழுங்கிடும்.

ஆமாண்ணே. ரப்பர் தேஞ்சா இப்படி மாசா மாசம் கூடுமா? கூடும்ல? கூடும்னு சொல்லுங்களேன்.

சரி, மாட்டுங்க. என் லேப்டாப்புலயே மாட்டுங்க. அந்த வசதியை எடுத்து விட்டுட்டேன், இப்ப எதையும் மறைக்காது. ஸ்க்ரீன்ல ஓடற இந்தப் பட்டியலைப் பாருங்க, அமுக்கினா ஒரு வரி வரும், விட்டா ஒரு வரி வரும். நீங்க அமுக்குங்க. நடு சி கட்டை. வலது கை, ஆட்காட்டி விரல். அமுக்கிட்டு அப்படியே இருங்க. எடுக்காதீங்க. நான் கடிகாரத்தைப் பாக்கறேன்.

பத்து செகண்ட்.

முப்பது.

எடுக்காதீங்கண்ணே, இன்னும் கொஞ்ச நேரம். வரும் பாருங்க.

ஒரு நிமிஷம் ஆயிடுச்சா. ஒரே ஒரு வரி. சரி, பக்கத்துக் கட்டை. அதுவும் ஒரே வரி தானா. கட்டை விரலால பாருங்க. ம்.

சத்தியமா உங்க மேல எனக்குக் கோவம் இல்லண்ணே. நல்லா இருக்குங்கற வார்த்தையைக் கேட்டா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க, எனக்கு மட்டும் அதைக் கேக்கவே பிடிக்கல. கோளாறுன்னு சொல்லுங்க, நான் இதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு நிம்மதியாப் போயிடுவேன்.

தண்ணி வேண்டாம். சரி, கொடுங்க. இல்ல, மேசையில வைங்க, நானே எடுத்துக்கறேன்.

நானா? நான் வாசிக்க மாட்டேன். இங்க வேண்டாம். ஏன்னா, வேண்டாம்னா வேண்டாம் தான், விடுங்களேன்.

நர்ஸா இருக்கேன் அண்ணே. பிறந்த குழந்தைங்க வார்டு. குறைமாசத்துல பிறந்ததுங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருப்போமே, அது. இருபத்தோரு வருஷம் ஆச்சு. அதுங்களுக்கு மருந்து ஏத்த ஊசி போடறது தான் அங்க பெரிய வேலை. நரம்பு எப்படி இருக்கும் தெரியுமா, தையல் நூல் கூட அதை விடத் தடிமன். வலது கை கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவுல ஊசியைப் பிடிச்சு, மூச்சை அடக்கிட்டு உள்ள விடணும். ஒரு இம்மி அசைஞ்சா நரம்பு கிழிஞ்சிடும், அந்த இடம் வீங்கிடும், அப்புறம் வேற இடம் தேடணும். அந்த உடம்புல வேற இடம்னு எத்தனை இருக்கப் போகுது சொல்லுங்க. யாராலயும் முடியலன்னா என்னைத் தான் கூப்பிடுவாங்க. கைராசின்னு தான் எனக்குப் பேரே. டாக்டருங்களே கைராசி எங்கன்னு தான் கேப்பாங்க. எனக்கும் பெருமை தான், பொய் சொல்வானேன்.

முந்தா நாள் ஒரு குழந்தை. ஒரு கிலோ கூட இல்ல. மூணு தடவை குத்தினேன் அண்ணே. மூணு தடவையும் தப்பிடுச்சு. நாலாவது தான் ஏறுச்சு. அதுக்குள்ள அது அழுது அழுது சத்தமே வராம வாயை மட்டும் திறந்து திறந்து மூடுச்சு. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஊசிப் பெட்டி சரியில்ல, முனை மழுங்கியிருக்குன்னு எழுதிக் கொடுத்தேன். கைராசி சொன்னா சரியாத் தான் இருக்கும்னு மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிட்டாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் கூட என் கையைப் பாக்கல. ஊசி மேல பழியைப் போட்டேன், கேபிள் மேல போட்டேன், இப்ப உங்க முன்னாடி இந்தக் கீபோர்டு மேல போட்டுட்டு நிக்கறேன்.

மாத்தி வச்சுப் பாத்தேன் அண்ணே. அப்ப சொன்னது பொய். ரெண்டு மாசம் முன்னாடியே இதைக் கீழயும் கீழதை மேலயும் வச்சேன். விக்கல் கீழ இறங்கலை. மேல்தட்டுல தான் என் வலது கை வாசிக்கும், விக்கலும் அந்தக் கையோட மேலயே இருந்துச்சு. இடது கையால இதை வாசிச்சா ஒண்ணுமே இல்ல. வீட்டுக்காரரையும் உக்கார வச்சேன், ஒரே கட்டையை அமுக்கிட்டு இருங்கன்னேன். அந்த மனுஷன் விரல் கல்லு மாதிரி இருக்கு, ஒரே வரி. பாத்தியா, நானும் வித்துவான் ஆயிட்டேன்னு சிரிக்கறார். நானும் கூடச் சிரிச்சேன். சிரிச்சுட்டு பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன்.

வெளிய நடுங்கறது தெரியாதுண்ணே. நீங்க இப்பப் பாக்கறீங்க, தெரியுதா? தெரியல இல்ல? எனக்கே கண்ணுக்குத் தெரியல. இந்தப் பட்டியலுக்கு மட்டும் தான் தெரியுது. எனக்கு வந்திருக்கறது என்னன்னும் தெரியும், பேரைச் சொல்ல வாய் வரல. ஆஸ்பத்திரியிலயே இருக்கேன், ஒரு டாக்டர் கிட்டயும் காட்டல. காட்டினா அன்னைக்கு இருந்தே என்னைக் கண்ணாடிப் பெட்டி பக்கத்துல விட மாட்டாங்க. அந்த வேலையும் இல்லன்னா நான் யாருண்ணே?

ஆமா, என் ஃபோன் தான். அடிக்கட்டும்.

வார்டுல இருந்து தான். இதோட அஞ்சாவது தடவை. சத்தத்தை நிறுத்தி வச்சிருந்தேன், இப்ப உங்க மேசை மேல வச்சதால தான் அதிர்றது கேக்குது.

என்ன விஷயம்னா, முந்தா நாள் போட்ட ஊசி காலையில வெளிய வந்துடுச்சாம். அதே குழந்தைக்கு. மருந்து நிக்குது. எனக்கு இன்னைக்கு லீவு, ஆனா என்னைத் தான் கூப்பிட்டாங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் குத்தாதீங்க, இதோ வழியில தான் இருக்கேன்னு நானே சொல்லிட்டேன். சொல்லிட்டு ஆட்டோவுல ஏறி, பாதி வழியில வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய் இதைத் தூக்கிட்டு இங்க வந்துட்டேன். கீபோர்டுல தான் கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அந்தத் தெம்புல நேரா போய்க் குத்திடலாம்னு நெனச்சேன். நான் இங்க வந்தே நாப்பது நிமிஷம் ஆச்சா? அவ்வளவு நேரமா எனக்காகத் தான் அங்க எல்லாரும் கையைக் கட்டிட்டு நிக்கறாங்க.

கொடுங்கண்ணே அந்த ஃபோனை.

ஹலோ. ஆமா சிஸ்டர், நான் தான். இல்ல, வழியில இல்ல. நான் வரலை. பெரிய டாக்டரை உடனே கூப்பிட்டுப் போடச் சொல்லுங்க, எனக்காகக் காத்திருக்காதீங்க. இல்ல சிஸ்டர், ஊசி நல்ல ஊசி தான். அந்தப் பெட்டியில ஒரு குறையும் இல்ல. என் கை நடுங்குது.