ராணிக்கு விழுந்த இருபது

உக்காருங்க தம்பி, அந்தப் பெட்டிமேலயே உக்காருங்க. ஒண்ணும் ஆகாது, எங்க வீட்டுக்காரரோட முதல் விளையாட்டுதான் உள்ள இருக்கு. யாரும் வாங்கல. நாற்காலி வாங்குற வேலை மிச்சம்.

பேட்டிக்கு வரச் சொல்லிட்டு அச்சகத்துக்குப் போயிட்டார் பாருங்க. அட்டைல கலர் சரியில்லையாம். வந்துடுவார். நான் சொல்றதை எழுதிக்கிறீங்களா? வேண்டாமா? சரி, சும்மா கேளுங்க.

கல்யாணம் ஆனப்போ இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்தார். திடீர்னு வேலையை விட்டுட்டு வந்து, விளையாட்டு எழுதி நானே அச்சடிச்சு விக்கப்போறேன்னார். மேசையைச் சுத்தி நாலு பேர் உக்காந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு, வாயாலயே ஆடுறது. இவர் கதை சொல்வார். குகை, இருட்டு, உள்ள ஏதோ உறுமுது, நீ என்ன பண்றேம்பார். அவங்க ஏதாவது சொல்வாங்க. இருபது முகம் இருக்கற பகடையை உருட்டினா, நடக்குமா நடக்காதான்னு தெரிஞ்சுடும். அவ்வளவுதான். இதுக்கு முந்நூறு பக்கம் விதி.

மூணாவது விளையாட்டுக்கு விருது வந்ததும் தலைகால் புரியல. தனி ஆளா சாதிச்சவர்னு உங்க பத்திரிகைலயே போட்டீங்களே. பிழை திருத்தினது, பெட்டி ஒட்டினது, தபால் ஆபீஸ் வரிசைல நின்னதெல்லாம் பேய் போலிருக்கு. நன்றிப் பக்கத்துல பூனை பேர் இருக்கு, வேணா புரட்டிப் பாருங்க.

வீட்லயும் அதே பேச்சுதான் தம்பி, நான்தான் ராணி. குழாய் ஒழுகினா வந்து நிப்பார். சமையல்கட்டுல வெள்ளம் ஏறுது, நீ என்ன பண்றே? நான் என்ன பண்ணுவேன், துணியைச் சுத்துவேன். போன மாசம் காய்ச்சல்ல சுருண்டு கிடந்தேன். கதவுகிட்ட நின்னு பார்த்தார். ராணி படுத்துட்டா, கோட்டைல சாப்பாடு இல்ல, நீ என்ன பண்றேன்னார். எழுந்துபோய்ச் சமைச்சேன். அன்னைக்கே மனசு விட்டுப்போச்சு.

நேத்து சாப்பிடும்போது மறுபடியும் ஆரம்பிச்சார். ராணி கோட்டை வாசல்ல நிக்கறா, நீ என்ன பண்றே? போறேன், திரும்பி வரமாட்டேன்னேன். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். இப்பதான் நீ ஒழுங்கா ஆடுறேன்னு பகடையை நீட்டினார். உருட்டினேன். இருபது. இருபது விழுந்தா சொன்னது நடந்தே ஆகணும், யாரும் தடுக்கக் கூடாது. அவரே எழுதின விதி. கைதட்டிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

காலைக் கொஞ்சம் நகத்துங்க தம்பி, அந்தப் பெட்டிக்குப் பின்னாடி என் சூட்கேஸ் இருக்கு. வண்டி வந்துடுச்சு. ஐயோ, நீங்க ஏன் எழுந்துக்கறீங்க, இருங்க. அவர் வந்ததும் முதல் கேள்வியா இதைக் கேளுங்க. வீடு காலி, அடுப்பு அணைஞ்சிருக்கு, பூனைக்குப் பசி. நீ என்ன பண்றே?