ஒரு நாள் தாமதித்த ரயில்

மேடையில் வீற்றிருக்கும் தலைமைச் செவிலியர் ஜுலைஹா பீவி அவர்களே, ரிவ்கா அம்மையாரின் பேரன் டானியேல் அவர்களே, டியூட்டி முடிந்த கையோடு இந்த வளைகுடா நகரின் சத்வா பகுதியிலுள்ள இந்தச் சிறு அரங்குக்கு ஓடி வந்திருக்கும் செவிலியத் தோழர்களே, வணக்கம்!

தொண்ணூற்றேழு வயதில் நம்மைப் பிரிந்த ரிவ்கா அம்மையாரை, அவருடைய பேரன் வீட்டில் ஆறு ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் நான். குளச்சல்காரன் பர்னபாஸ். அவரோ போலந்தில் பிறந்த யூதப் பெண்மணி.

1943. நாஜிகள் யூதர்களை வேலிக்குள் அடைத்துவைத்திருந்த ஊரில் அவருக்கு வயது பதினைந்து. கிழங்கு மூட்டைக்குள் துப்பாக்கிப் பாகங்களை ஒளித்து, வேலிக்குள் இருந்த தலைமறைவுப் போராளிகளுக்குக் கடத்தினார். பிடிபட்டால் மரணம்! யாருக்கு வரும் அந்தத் துணிவு? ஆனால் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. "துணிவாவது மண்ணாவது! சுமக்கச் சொன்னாங்க, சுமந்தேன்" என்பார்.

ஒரு நாள் அவரைக் காட்டிலிருந்த போராளிகளிடம் போகச் சொன்னார்கள். ஏழு வயதுத் தங்கை ஹன்னா, "நானும் வர்றேன்" என்றாள். "உன்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாது" என்று விட்டுவிட்டுப் போனார்.

காட்டில் ஆறு பேர். ராணுவ ரயில்களைத் தடுக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஆனால் வந்து நின்றவை பூட்டிய சரக்குப் பெட்டிகள். உள்ளே மனிதர்கள்! "தண்ணீர், தண்ணீர்" என்ற குரல்கள். சுற்றிலும் காவலர்கள் நாற்பது பேர். இவர்களிடம் இரண்டே துப்பாக்கிகள். பகல் முழுதும் புதருக்குள் கிடந்து கேட்டார்கள். மறுநாள் தண்டவாளம் சரியானது. ரயில் போய்விட்டது.

போர் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வாரம் அவர் ஊரிலிருந்து யூதர்களைக் கொலைமுகாமுக்குக் கொண்டுபோனது அந்த ஒரே ரயில். அம்மாவும் ஹன்னாவும் அதில் இருந்தார்கள்.

போன மாதம் என்னிடம் கேட்டார்: "நாங்க ரயிலை நிறுத்தினோம். அதனால ஹன்னாவுக்கு என்ன கிடைச்சது? தண்ணியில்லாம இன்னும் ஒரு நாள்."

"இல்ல பாட்டி, நீங்க அப்படி நினைக்கப்பிடாது."

"நீ நர்ஸ்தானே பர்னபாஸ்? ஏழு வயசுக் குழந்தை எவ்வளவு நேரம் தாங்கும்?"

அவையோரே, எனக்கு விடை தெரியும். என்னவென்று சொல்வேன்? எந்த வாயால் சொல்வேன்? அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எண்பது ஆண்டுகள் எவராலும் ஆற்ற முடியாத புண்ணுக்கு, நான் மட்டும் என்ன மருந்து வைத்திருந்தேன்?

வரும் வியாழனன்று இங்குள்ள ஒரு பள்ளியில் அவர் பேசுவதாக இருந்தது. அவருக்குப் பதிலாக நான் போகிறேன். இதுவே என் உறுதிமொழி. நீங்களும் அவர் கதையைச் சொல்லுங்கள். சொல்வதால் இனி எங்கும் எந்த ரயிலும் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை. ஆனாலும் ஹன்னாவுக்குக் கல்லறை இல்லை, ஒரு புகைப்படம்கூட இல்லை. அவள் முகத்தை அறிந்திருந்த கடைசி மனிதரை நேற்று அடக்கம் செய்துவிட்டோம்.