பயிற்சி ஆசிரியையின் முதல் பாடம்

காலை 7.40க்குப் நொர்வேயின் பியோர்ண்டால் ஊர்ப் பஸ் பனியில் சறுக்கி நின்றது. முன் இருக்கையில் ஆசிரியப் பயிற்சி மாணவி ஒருத்தியும், வேலைக்குப் போகும் அவள் தாயும். பின் இருக்கையில் நான்.

“டொக்டருக்குப் படிச்சிருந்தா இப்பிடி நடக்குமே?”

“டொக்டர்மாருக்குப் பஸ் பறக்குமோ, அம்மா?”

“இண்டைக்கு முதல் பாடம். போகாட்டி பெயில் எல்லோ?”

“ஓம். என்னைப் பழக்கிற மரியா ரீச்சர், அந்தரம் அவசரமெண்டால் கோல் எடு எண்டவ.”

“எடுத்தனியே?”

“ரீச்சர்மாரைக் கரைச்சல்படுத்தக் கூடாதெண்டு நீங்கள்தானே வளர்த்தனீங்கள்!”

தாய் மகளின் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

“இப்ப எடு, பிள்ளை.”

மகள் கோல் எடுத்துக் கொஞ்ச நேரத்தில் கார் ஒன்று வந்தது. சிலியிலிருந்து வந்து இங்கே ஆசிரியையான மரியா இறங்கி, நொர்வேஜிய மொழியில் சொன்னார்:

“நான் படித்தபோது கூப்பிட எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. ஏறு, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.”