கண்ணாடிக்குள்ள போன தையல்காரன்

வல்லாஹி, இதுல ஒரு சொல்லு பொய் இல்ல தம்பி. உனக்கு வேணுமெண்டா கடற்கரைப் பள்ளிப் பக்கம் திரும்பி நிண்டு இன்னொருக்காச் சத்தியம் பண்ணுறன். நீ தேடி வந்த தையல்காரன் தங்கரெத்தினம், ஓம், உன்ட தங்கச்சிட புருசன், அந்தா எதிர்ல தெரியுதே ஆளில்லாத கடை, அதுட கண்ணாடிக்குள்ள போயிட்டான். போனவன் வெளிய வரல்ல. கல்முனைப் பசார் முழுக்கப் பாத்துக்கிட்டு நிண்டது.

இரி, எழும்பாத. உன்ட மீன் லொறிய ஆரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. உன்ட ஊர் தம்பிலுவில் என்ன மக்கத்துலயா இரிக்கி?

அது கனகரெத்தினம் முதலாளிட புடவைக் கடை. ஊர்ச் சண்டைக் குழப்பத்தோட அவர் சாமானெல்லாம் அள்ளிக்கிட்டு மட்டக்களப்புக்குப் போயிட்டாரு. இந்த வரிசையில பாதி அப்படித்தான், வெறுங்கடை. முன்வாசல்ல மெசின் போட்டுத் தைச்சிக்கிட்டிருந்த உன்ட மச்சான் மட்டும் போகல்ல. பெருநாளைக்கித் தைக்க வாங்கின துணி அரைகுறையாக் கெடக்கு, குடுத்திட்டு வாறன் எண்டான். அந்த நேரந்தான் என்ட மருமகன் சீனிமுகம்மது குவைத்துல இருந்து வந்திறங்கினான். மத்தவனுகள் செண்டுப் போத்தல், போர்வை கொண்டு வாறானுகள். இவன் கொண்டு வந்தது ரெண்டு மூணு டீவியும் படம் போடுற டெக்கும், தோள்ல வெச்சுப் படம் பிடிக்கிற கமராவும். முதலாளிக்கு ஆள் அனுப்பிக் கடைப் பூட்டுத் திறப்ப எடுத்தான். என்ன விக்கப் போறாய் எண்டு கேட்டன். ஒண்டும் விக்கல்ல மாமா, வெறுங்கடையப் பாக்கப் பயமாயிரிக்கி, வெளிச்சம் போடப் போறன் எண்டான்.

உசரத்துல இருந்து வெள்ளச் சீலை தொங்கவிட்டான். பச்சை, சிவப்பு பல்பு கொளுவினான். சீலைக்கு முன்னால டீவியள கண்ணாடிக்கு நேரா அடுக்கினான். பகல்ல பசாரைப் படம் பிடிக்கிறது, மஃரிப் தொழுகைக்குப் பிறகு அதையே பசாருக்கு ஓட விடுறது. சனமெண்டாச் சனம். பக்கீர் முகைதீன் ஹாஜியார் டீவியில தன்னைக் கண்டு ஸலாம் செல்லிட்டு, பதில் வரல்ல எண்டு கோவிச்சிட்டுப் போனாரு. வயல்காவலுக்குப் போறன் எண்டு செல்லிட்டு புரியாணிக் கடையில குந்தியிருந்த அபூசாலி அதுல அகப்பட்டான். பொண்டாட்டி றுகையா அண்டைக்கே அவன்ட சாரன் சட்டையெல்லாம் படலைக்கு வெளிய எறிஞ்சா. சீதன ஊடு, அவட ஊடுதானே. மாடு ஒண்டு தன்னைக் கண்டு மிரண்டு ஓடினது, அக்கரைப்பத்துலதான் போய் நிண்டிச்சி.

ஓம் ஓம், உன்ட மச்சான்ட கதைக்கித்தான் வாறன். ஒரு நாள் ராவைக்கி டீவியில அவன்தான். ஒரு பொடியன நிப்பாட்டி இடுப்பு அளவெடுக்கான். கழுத்துல நாடா, வாயில ஊசி. அளவெடுக்க வந்தவனுக்கிட்ட நீ ஆரெண்டு எந்தத் தையல்காரன் கேப்பான்? அந்த நேரம் பாத்து ஆமி ஜீப்பு வந்து நிண்டிச்சி. சனம் ரெண்டாப் பிரிஞ்சிச்சி. அவங்க தேடித் திரிஞ்ச இயக்கத்துப் பொடியன் அவன்தானாம். இறங்கி வந்து கண்ணாடியில விரலை வெச்சாங்க. பொடியன்ட முகத்துல இல்ல, அளவெடுத்தவன்ட முகத்துல. இவன் ஆரு, எங்க இரிக்கான் எண்டு கேட்டாங்க. தலையில சாக்கைப் போட்டு மூடிக்கிட்டு ஆளக் காட்டிக் குடுக்கிற தலையாட்டி தேவையில்லாமப் போச்சி, மருமகன்ட டீவியே ஆட்டிட்டுது.

உன்ட மச்சான் சனத்துக்குள்ளதான் நிண்டான். பல்பெல்லாம் ஒருக்கா அணைஞ்சி பத்திச்சி. ஆள் இல்ல. கண்ணாடி உள்ளுக்கு இழுத்திட்டுது. ஜின்னுட வேலை எண்டு பள்ளி லெப்பையே செல்லிட்டாரு. ஜீப்புக்காரங்க கசட்டை எடுத்தாங்க, ஊட்டுக்கு ஊடு தேடினாங்க. என்னையும் கேட்டாங்க, இதையேதான் செல்லினன். கிழவனுக்கு மூளை பிசகு எண்டு விட்டுட்டாங்க. மறுகா அவன்ட பெரியப்பன் எண்டு ஒருத்தன் வந்தான், கூட்டாளி எண்டு ஒருத்தன் வந்தான். எங்க, எங்க எண்டுதான் எல்லாரும் கேட்டானுகள்.

என்ன கேட்டாய்? திரும்பச் செல்லு. அவன்ட தொய்வு இழுப்புக்கு ஆரு குளிசை குடுக்கிறது எண்டா?

ம்.

சிரி. சத்தமாச் சிரி மனே, மூலை மேசைக்காரன் பாக்கான். கிழவன் பொய் அளக்கான் எண்டு நினைக்கட்டும். ஆ, போதும். அவன்ட வருத்தத்தக் கேட்ட முதல் ஆள் நீதான், இப்ப தேத்தண்ணியக் குடிச்சிக்கிட்டே கேளு. குளிசை நான்தான் குடுக்கன். இழுப்பு வந்தா தலவாணிய வாயில வெச்சி அமத்திக்கிறான். சீலைக்குப் பின்னால, துணிக்கட்டு அடுக்குற அறையிலதான் இரிக்கான். அண்டைக்கிப் பல்பை அணைச்சதும் கையப் பிடிச்சி உள்ளுக்கு இழுத்ததும் சீனிமுகம்மது. முன்னால அவ்வளவு வெளிச்சம் அடிக்கக்குள்ள பின்னால என்ன கெடக்கு எண்டு ஆருக்கும் தெரியா. ஜீப்புக்காரங்களே வந்து நிண்டு பாத்திட்டுப் போறாங்க. வெளிச்சம் நிண்டா ஏன் நிண்டது எண்டு உள்ளுக்கு வருவாங்க. அதால மருமகன் நிப்பாட்டவும் ஏலாமக் கெடக்கான். மனிசரப் படம் பிடிக்கிறத விட்டுட்டான், காக்காயும் கடலையும் பிடிக்கான். குவைத்து விசாவும் முடிஞ்சி போச்சி.

போன கிழமை உன்ட தங்கச்சி வந்தா, புள்ளைய இடுப்புல வெச்சிக்கிட்டு. கண்ணாடியில நெத்திய முட்டி உள்ளுக்குப் பாத்தா. டீவி வெளிச்சம் அவட முகத்துல. இவன் சீலை இடுக்கால பாத்துக்கிட்டு நிண்டான், ஒரு மூச்சுச் சத்தம் வரல்ல. அவ போனாப்போல எனக்கிட்டக் கேட்டான், புள்ளைட முதுகுதான் தெரிஞ்சிச்சி, பல்லு முளைச்சிட்டுதா எண்டு. ரெண்டு முளைச்சிரிக்கி எண்டன். நான் எங்க பாத்தன்.

இண்டைக்கி மஃரிப் தொழுது சனம் வெளிய வந்ததும் பல்பு பத்தும். எல்லாருட முகமும் கண்ணாடிப் பக்கம். நீ பின் ஒழுங்கையால லொறிய எடுத்துக் கடைக்குப் பின்னால கிணத்தடியில விடு. ஐஸ் பெட்டி வெறும்பெட்டிதானே? அவன உள்ளுக்குப் படுக்க வெச்சி மூடிய முழுசா இறுக்காத, மூச்சு முட்டும். நேரா ஊருக்குக் கொண்டு போயிடாத, வினாயகபுரக் கடற்கரையில இறக்கு, அங்கால வள்ளம் பிடிக்கிறது உன்ட பாடு. நாங்க இன்னும் கொஞ்ச நாளைக்கி காக்காப் படம் ஓட்டத்தான் வேணும்.

வழியில மறிச்சி, இதை ஆரு உனக்குச் செல்லினது எண்டு கேட்டா என்னைக் காட்டிக் குடுத்திடாத மனே. கல்முனையில தேத்தண்ணிக் கடைக்குக் கடை பொய் செல்லுற கிழவன் ஒருத்தன் இரிக்கான், எந்தக் கிழவன் எண்டு தெரியா எண்டு செல்லிடு.