ஆணி வைத்த டயர்

கராமாவில் மெட்ரோ ஏறிய இரண்டு நண்பர்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் இரண்டு சைக்கிள் டயர்கள் இருந்தன. அவற்றின் மேல் முழுக்கச் சின்னச் சின்ன இரும்பு ஆணிகள்.

"துபாய்ல எதுக்குடா ஆணி வெச்ச டயர்?"

"கனடாவுக்குடா. வெறும் பனின்னா அகல டயர் போதும், காத்தைக் கம்மி பண்ணிட்டு ஓட்டலாம். ஐஸ்னா ஆணி இல்லாம வழுக்கிடும். ஒரு வாரமா வீடியோ பார்த்தே மேதையாயிட்டேன்."

"நீ பனியைப் பார்த்திருக்கியா?"

"ஃப்ரீசர்ல பார்த்திருக்கேன்."

"பேசாம கார் ஓட்டலாம்ல?"

"எல்லா டெஸ்ட்லயும் ஃபெயில். கடைசியா வந்த எக்ஸாமினர், 'கலாஸ், முடிஞ்சது, நீ டாக்சியிலயே போ'ன்னுட்டார்."

நண்பர் சிரித்தார். "டயர் ஏது?"

"ஊருக்குப் போற கனடாக்காரர் ஒருத்தர் சும்மாவே கொடுத்தார். இங்க வேற எவன் கேட்கப் போறான்?"

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டியா?"

"அவ அங்க வேலைக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு. எப்ப வர்றீங்கன்னு கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம்னே ஓட்டிட்டேன். வர்றேன்னு நேரா சொல்லக்கூடத் தெரியல எனக்கு. நேத்து ஃபோன் போட்டு, 'உங்க தெருவுல பனியா, ஐஸா? அதுக்குத் தகுந்த டயர் வாங்கணும்'னேன். சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சுன்னு ஹலோ ஹலோன்னு கத்துறேன், அவ அழுதுட்டிருக்கா. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு, 'ஐஸ்தாங்க'ன்னா."